சோற்றை மறுக்கும் நாளுக்கு முன்பே நாய் சொல்லிவிடுகிறது

"ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குது டாக்டர்." கோலாலம்பூரில் நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் இந்த ஒரு வரியோடுதான் வருகிறார்கள். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பல நோய்களில் சோற்றை மறுப்பது முதல் அறிகுறி அல்ல, ஏறக்குறைய கடைசி. நாய் வலியை அடக்கிக்கொள்ளும் பிராணி. உள்ளே இரத்தம் குறைந்துகொண்டிருக்கும்போதும் ரொட்டி சானாய் துண்டைக் காட்டினால் வாலாட்டும். அதற்கு முன்பே தண்ணீர்க் கிண்ணத்திலும், ஈறின் நிறத்திலும், தூக்கத்தில் விடும் மூச்சிலும், காலையில் புல்லில் விட்டுவரும் சிறுநீரிலும் சேதி வந்திருக்கும்.

அந்தச் சேதியைப் படிக்க ஒரு முன்வேலை வேண்டும். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே அதன் கணக்கை எடுத்து வைத்திருக்க வேண்டும். நோய் வந்த அன்று முதல்முறையாக ஈறைப் பார்த்தால், வெளுத்திருக்கிறதா அல்லது எப்போதுமே இப்படித்தானா என்று யாருக்கும் தெரியாது.

முதலில் மூக்கை விட்டுவிடலாம். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் சுகம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஏர்கோன் அறையில் தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். காய்ச்சலில் கொதிக்கும் நாய்க்கு மூக்கு ஈரமாகவும் இருக்கலாம். உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும் உதவாது, ஏனென்றால் நாயின் இயல்பான சூடே நம்முடையதைவிட அதிகம்: 38 முதல் 39.2 டிகிரி வரை. ஃபார்மசியில் விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மோமீட்டர் போதும். முனையில் கொஞ்சம் வாசலின் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் சுமார் 2 சென்டிமீட்டர் நுழைத்து, பீப் சத்தம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒருவர் தலைப் பக்கம் நின்று தடவிக்கொடுத்தால் வேலை சுலபம். நடந்து வந்த உடனே அளக்காதீர்கள், அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். 39.5-ஐத் தாண்டி நாயும் சோர்ந்திருந்தால் அன்றே கிளினிக். 40-ஐத் தாண்டினால் சாயந்திரம் வரை காத்திருக்க வேண்டாம். பலர் கவனிக்காதது கீழ்ப்பக்கம்: துவண்டு கிடக்கும் நாய்க்கு 37.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது காய்ச்சலைவிட மோசமான செய்தி. இரத்த ஓட்டம் தளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஈறு அடுத்தது. மேல் உதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லுக்கு மேலே பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் ஒரு நொடி அழுத்தி விட்டால் வெள்ளையாகி, 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நேரம் எடுத்தால் இரத்த ஓட்டத்தில் கோளாறு. வெளுத்த ஈறு இரத்தசோகையையோ உள்ளே இரத்தம் கசிவதையோ காட்டும். மஞ்சள் கல்லீரலையோ, இரத்த அணுக்கள் உடைவதையோ காட்டும். நீலம் என்றால் ஆக்சிஜன் போதவில்லை, உடனே கிளம்ப வேண்டும். செங்கல் சிவப்பு உடல் சூடு எல்லை மீறியதற்கோ, கிருமி இரத்தத்தில் பரவியதற்கோ அடையாளம். கம்பத்து நாய்கள் பலவற்றுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பாருங்கள், அங்கே நிறம் தெரியும்.

மூச்சை எண்ணுவதற்குச் செலவே இல்லை, இருந்தும் செய்பவர்கள் குறைவு. நாய் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது எண்ணினால் பயனில்லை. கனவில் கால் துடிக்கும்போதும் விட்டுவிடுங்கள். கொண்டோக்களில் அதிகம் காணும் ஷிட்சூ, பூடில் போன்ற சின்ன இனங்களுக்கு வயதாகும்போது இதய வால்வு கசிவது சகஜம். நுரையீரலில் நீர் கோர்க்கத் தொடங்கினால் இருமலுக்கு முன்பே இந்த எண்ணிக்கை ஏறும். வழக்கமாக 18 இருந்த நாய்க்கு மூன்று நாளாக 34, 36 என்று வந்தால் அது ஓடியாடிக்கொண்டிருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லாரும் "வெயில்தானே, அதான் குடிக்குது" என்று தள்ளிவிடுகிறோம். ஒரு நாய் ஒரு நாளைக்குக் குடிப்பது கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி. 10 கிலோ நாய்க்கு அரை லிட்டரும் கொஞ்சமும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது அதே நாய் ஒரு லிட்டருக்கு மேல் போனால், அதை வெயில் கணக்கில் எழுத முடியாது. காலையில் அளவுக் குவளையில் ஊற்றி வைத்து, மறுநாள் அதே நேரம் மீதியை அளந்து கழியுங்கள். இரண்டு நாய் இருந்தால் ஒரு நாள் தனித்தனியே வைத்துத்தான் அளக்க வேண்டும். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு எல்லாம் முதலில் தலைகாட்டும் இடம் இந்தக் கிண்ணம்தான். வீட்டுக்குள் அசிங்கம் செய்யாத நாய் திடீரென்று நடுஇரவில் கூடத்தில் சிறுநீர் விட்டால் திட்டுவதற்கு முன் தண்ணீரை அளந்து பாருங்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய் அதிகம் குடித்தால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: கடைசியாக இரத்தப்போக்கு எப்போது வந்தது? அது முடிந்து 4 முதல் 8 வாரத்தில் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரலாம். சிலவற்றுக்குப் பின்புறம் சீழ் வடியும், வாடை வீசும், அதனால் கண்டுபிடித்துவிடலாம். கருப்பை வாய் மூடிக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே வராது. வயிறு லேசாக உப்பும், தண்ணீர் குடிக்கும், படுத்தே கிடக்கும், அவ்வளவுதான். ஆபத்து அதிகம் இந்த மூடிய வகையில்தான், கருப்பை கிழிந்தால் சீழ் வயிற்றுக்குள் கொட்டிவிடும். கேலண்டரில் இரத்தப்போக்குத் தேதியைக் குறித்து வைத்திருக்கும் வீட்டில் டாக்டரின் வேலை பாதி முடிந்துவிடும்.

உண்ணிக் காய்ச்சல்: தானாகச் சரியாகிவிட்டதாக ஏமாற்றும் நோய்

மலேசியாவில் நாய் வளர்ப்பவர்கள் ஒரே ஒரு நோயை ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நாயுண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா, பெபீசியா, அனாபிளாஸ்மா என்ற கிருமிகள்தான் காரணம். சில நேரம் இரண்டு சேர்ந்தே வரும். இந்த உண்ணி காட்டில் மட்டும் இருப்பதல்ல. முட்டை முதல் முதிர்ச்சி வரை முழு வாழ்க்கையையும் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளக்கூடியது. ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பிலோ கதவு நிலை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால்தான் பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் நாய்க்கும் வருகிறது. சுவரில் உண்ணி ஏறுவதைப் பார்த்தால், நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான், மிச்சம் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எர்லிக்கியாவின் போக்குதான் ஆளை ஏமாற்றும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும், நாய் மந்தமாகும், ஒன்றிரண்டு வேளை சாப்பாட்டை விடும். 2 முதல் 4 வாரத்தில் இது தானாகவே அடங்கிவிடும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் கிருமி போகவில்லை, மண்ணீரலில் பதுங்கிவிட்டது. மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ நாய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சில நாய்களில் நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். இரத்தம் உற்பத்தியாவது நின்றுபோன நாய்க்குச் செய்யக்கூடியது குறைவு. முதல் கட்டத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் டாக்சிசைக்கிளின் மாத்திரை நான்கு வாரம் கொடுப்பதோடு முடிந்துவிடும். இரண்டே நாளில் நாய் துள்ளத் தொடங்கியதும் பாதியில் நிறுத்திவிடுவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தப்பு.

எதைப் பார்ப்பது? நாயை மல்லாக்கப் படுக்கவைத்து அடிவயிற்றில், தொடை இடுக்கில், முடி குறைந்த இடத்தில் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடித் தம்ளரை மேலே வைத்து அழுத்துங்கள். கொசுக்கடியாலோ அரிப்பாலோ வந்த சிவப்பு அழுத்தும்போது மறையும். தோலுக்கு அடியில் இரத்தம் கசிந்த புள்ளி மறையாது. அதாவது இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத் தட்டுகள் குறைந்துவிட்டன. மூக்கில் இரத்தம், கண் வெள்ளையில் இரத்தத் திட்டு, தாடைக்கு அடியிலும் பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டுவது ஆகியவையும் இதே வரிசை. பெபீசியாவாக இருந்தால் சிவப்பணுக்கள் உடையும், ஈறு வெளுக்கும் அல்லது மஞ்சளாகும், சிறுநீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்துக்கு மாறும். இப்படிச் சிறுநீரைப் பார்த்தால் அது அன்றைக்கே போக வேண்டிய கேஸ்.

கிளினிக்கில் செய்யும் விரைவுச் சோதனைக் கிட்டைப் பற்றி ஒன்று. அது பெரும்பாலும் எதிர்ப்புப் பொருளைத்தான் தேடும். உடம்பு அதை உண்டாக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், காய்ச்சல் தொடங்கிய புதிதில் சோதித்தால் 'இல்லை' என்று காட்டலாம். எல்லாக் கிட்டும் பெபீசியாவைக் காட்டுவதும் இல்லை. அதனால் டாக்டர் கூடவே முழு இரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னால், காசு பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். தட்டுகளின் எண்ணிக்கை அதில்தான் தெரியும்.

உண்ணியைச் சிறிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, விரல் நகத்தில் நசுக்குவது எதுவும் வேண்டாம். ஸ்பிரிட் ஊற்றிய மூடிபோட்ட பாட்டிலில் போட்டால் போதும். விரல் இடுக்கு, காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடி, வாலுக்கு அடி ஆகியவை அவை ஒளியும் இடங்கள். தோல் வியாதிக்கு இன்னமும் சிலர் வண்டியில் வடித்த கறுப்பெண்ணெயைப் பூசுகிறார்கள். நாய் அதை நக்கி விழுங்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். சொறி போகிறதோ இல்லையோ, விஷம் போகும்.

மழை, எலி, வெயில்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மழை கொட்டும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் லோங்காங் சாக்கடைகள் நிரம்பி வழியும். எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரை நாய் நக்கினாலோ, காலில் புண்ணோடு மிதித்தாலோ எலிக்காய்ச்சல் வரும். மனிதர்களுக்கு வந்தால் நாம் 'கென்சிங் திக்குஸ்' என்று சொல்வது இதைத்தான். திடீர்க் காய்ச்சல், வாந்தி, தொட்டால் வலிக்கும் தசைகள், மஞ்சள் ஈறு, முதலில் அதிகமாகிப் பிறகு சுருங்கிப்போகும் சிறுநீர். சிறுநீரகமும் கல்லீரலும் சில நாட்களில் கெட்டுவிடும். நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும். சந்தேகம் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு குளோராக்ஸ் கலந்த தண்ணீரால் கழுவுங்கள், குழந்தைகளை விலக்கி வையுங்கள். இதற்கான தடுப்பூசி முதலில் சில வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. ஒரு வருடம் விட்டுவிட்டால் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்ப முடியாது.

வெப்பத்தாக்கம் வேறு மாதிரி. நாய்க்கு வேர்வை பாதத்தில் மட்டும்தான், அது பேருக்கு. நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் ஈரம் ஆவியாவதால்தான் உடம்பு குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாகாது. அதனால் கோலாலம்பூரில் 32 டிகிரி என்பது நாய்க்கு வறண்ட ஊரின் 32 டிகிரி அல்ல. மழை விட்டுப் புழுங்கும் மாலையிலும் பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் சரிந்து விழுவது இதனால்தான். நாக்கு அகலமாகி நுனி கரண்டி போல விரிவது, எச்சில் பிசுபிசுப்பது, ஈறு செங்கல் நிறமாவது, நடை தள்ளாடுவது, இந்த வரிசையில் வரும். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி மின்விசிறிக் காற்றைத் திருப்புங்கள், ஐஸ் தேடி ஓடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். தெர்மோமீட்டர் 39.5-க்கு வந்ததும் நிறுத்துங்கள், இல்லையென்றால் அதற்குக் கீழும் சரியும். எழுந்து நின்றுவிட்டாலும் கிளினிக் போக வேண்டும். இரத்தம் உறைவதிலும் சிறுநீரகத்திலும் வரும் சேதம் ஓரிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

வாந்தியும் வயிறும்

புல் தின்று ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு வழக்கம்போல விளையாடும் நாயை விட்டுவிடலாம். சில மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல், அல்லது இரத்தம், அல்லது கோப்பித்தூள் போன்ற கறுப்புத் துகள், அல்லது தண்ணீரும் தங்காமல் வருவது என்றால் விடக்கூடாது. மலம் தார் போலக் கறுத்துப் பளபளத்தால் வயிற்றிலோ சிறுகுடலிலோ இரத்தம் கசிகிறது. பளிச்சென்ற சிவப்பு பெருங்குடலிலிருந்து வருவது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் நாற்றமடிக்கும் இரத்தப் பேதியும் சேர்ந்தால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்று வைத்துக்கொண்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாளை என்பது அந்தக் குட்டிக்கு இல்லாமல் போகலாம். பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும், அதனால் அந்த வீட்டுக்கு உடனே வேறு குட்டி வாங்கி வரக்கூடாது.

வீட்டுக் காவலுக்கு வளர்க்கும் ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்ற ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுப்பதுபோல ஓங்கரிக்கும், நுரையைத் தவிர ஒன்றும் வராது, வயிறு முரசு போல இறுகும், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அலையும். இரவு இரண்டு மணியானாலும் இருபத்து நான்கு மணி நேர கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். சீரக வெந்நீர் கொடுத்துப் பார்க்கும் நேரம் இது அல்ல. ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவிப்பதும் இதே அவசரம்தான்.

தீபாவளிக்கு மறுநாள் முன்னங்காலை நீட்டிப் படுத்துப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்திருக்கும் நாயைப் பார்த்தால், ஆட்டுக்கறிக் கொழுப்பை யார் போட்டது என்று வீட்டில் விசாரியுங்கள். அது விளையாட்டுக்கு அழைப்பது போலத் தெரியும், ஆனால் கணைய அழற்சியால் வயிறு வலிக்கும் நாயின் நிலை. குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. அவை சிவப்பணுக்களை உடைப்பது உடனே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும்போதுதான் தெரியும். 'மிச்சக் குழம்புச் சோறு' சாப்பிட்டு வளர்ந்த நாய்கள் நூறு இருக்கலாம், அதற்காக அது பாதுகாப்பு ஆகிவிடாது.

எலி மருந்தும் இதே குணம்தான். நீல, இளஞ்சிவப்புக் கட்டியைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே நடக்காததுபோல இருந்துவிட்டுப் பிறகு உள்ளுக்குள் இரத்தம் கசியும். தின்றதைப் பார்த்தவுடன் போனால் வைட்டமின் கே-யால் காப்பாற்றலாம். பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். தோட்டத்தில் தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழே சாய்த்து வாயின் ஓரத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் ஓடும்படி பல நிமிடம் அலசுங்கள், விழுங்க விடாதீர்கள். நச்சு உமிழும் நாகம் கண்ணில் துப்பியிருந்தால் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

வெறிநோயை இங்கே யாரும் நினைப்பதில்லை. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017 முதல் சரவாக்கிலும் அது வந்தது. குரல் மாறுவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, சாதுவான நாய் திடீரென்று கடிப்பது சேர்ந்து தெரிந்தால் தொண்டையில் எலும்பு சிக்கியதா என்று கையை விட்டுப் பார்க்காதீர்கள். அடைத்து வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டியது நாயை மட்டும் அல்ல. வலிப்பு, இருமல், நொண்டல் ஆகியவை டாக்டர் மேசையில் ஏறியதும் நின்றுவிடும், அதனால் கைப்பேசியில் எடுத்து வையுங்கள். வலிப்பின்போது வாய்க்குள் எதையும் திணிக்க வேண்டாம், நேரத்தை மட்டும் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசரம். காலை மலத்தை ஒரு பையில் போட்டு, எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, தண்ணீர் எத்தனை மில்லி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்து எழுதி வைத்திருந்தால் அந்தக் கணக்கும் உதவும். 10 கிலோ நாய் ஒரு கிலோ இழந்திருப்பது முடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். காய்ச்சல் என்று பனடோல் கொடுத்திருந்தால் எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பது டாக்டருக்கு வேண்டும். அது நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும், ஆனால் சீக்கிரம் தெரிந்தால் முறிவு மருந்து இருக்கிறது. வலி மாத்திரையான ஐபுபுரோஃபென் இரைப்பையைப் புண்ணாக்கும், அதன் மேல் டாக்டர் தெரியாமல் இன்னொரு வலி ஊசி போட்டால் ஓட்டை விழுந்துவிடும். திட்டுவார்களே என்று பயந்து "ஒண்ணும் கொடுக்கல" என்று சொல்வதைவிட, மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள்.